வெக்ட்ரெக்ஸ்: கோடு வரையும் கேம் பெட்டி

வெக்ட்ரெக்ஸ் என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்? 1982இல் அமெரிக்காவில் வந்த கேம் கன்சோல் இது. டிவியில் இணைக்க வேண்டாம். 9 அங்குலத் திரை பெட்டியிலேயே உண்டு. அதில் பிக்சலே கிடையாது. நாம் பென்சிலால் வரைவதுபோல, எலக்ட்ரான் கற்றை நேரடியாகக் கோடுகளை வரையும். கறுப்பு வெள்ளைதான். நிறம் வேண்டுமென்றால் திரைக்கு முன்னால் வண்ண பிளாஸ்டிக் தாளை மாட்ட வேண்டும்! ரேம் வெறும் 1 கிலோபைட்.

1983இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தது. அடுத்த ஆண்டே தயாரிப்பு நின்றது.

1990களின் நடுவில், உரிமையை வைத்திருந்த ஸ்மித் இன்ஜினியரிங், லாபநோக்கம் இல்லாமல் யாரும் இந்த கேம்களை நகலெடுத்துப் பகிரலாம் என்று விட்டுவிட்டது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் கம்பெனிகளையே பார்த்துப் பழகிய நமக்கு இது அதிசயம். வெக்ட்ரெக்ஸ் பிழைத்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்பேன். ரசிகர்கள் பயமின்றிப் பழைய கேம்களைச் சேமித்தார்கள், புதியவற்றையும் எழுதினார்கள்.

ஆனால் படக்குழாயை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. எமுலேட்டரில் ஆடலாம், அங்கே கோடு மறுபடி பிக்சலாகிவிடும். அதனால் ஒரு பெட்டி செத்தால், அதன் குழாயைக் கழற்றி இன்னொரு பெட்டியில் மாட்டுகிறார்கள்.