பேரனுக்காக ஆண்ட பாட்டி

திருவரங்கம் கோயிலில் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் குடும்பத்தாரோடு கைகூப்பிச் சிலையாய் நிற்கிறார். சிறுவனான என்னை அதன் முன் நிறுத்தி, "இவரை ஆளாக்கியவள் இவருடைய பாட்டி" என்பார் என் பாட்டியார். இளமையிலேயே கணவரை இழந்து, எங்கள் குடும்பத்தைத் தாங்கி நின்றவர் அவர். அச்சொல்லின் கனம் எனக்குப் பின்னரே விளங்கிற்று.

அந்தப் பாட்டி யார்? இராணி மங்கம்மாள்! 1682-இல் கணவர் சொக்கநாத நாயக்கர் மறைந்தபோது உடன்கட்டை ஏறாது, மகனுக்காக வாழத் துணிந்தார். 1689-இல் அம்மகனையும் அம்மைநோய் கொண்டுபோயிற்று. கருவுற்றிருந்த மருமகளும் மகவை ஈன்று மாண்டாள். கைக்குழந்தையான பேரனின் பெயரால், திருச்சிராப்பள்ளியிலிருந்து நாட்டை ஆளலானார் மங்கம்மாள்.

மொகலாயப் பெரும்படையோடு மோதுவது அழிவென உணர்ந்து, திறை செலுத்தி நாட்டைக் காத்தார். சாலைகளும் சத்திரங்களும் கண்டார். மைசூர் மன்னர் சிக்கதேவராயர் காவிரியை அணையிட்டு மறித்தபோது, முன்னர்ப் போரிட்ட தஞ்சையாரோடு கைகோத்துப் படை திரட்டினார். வெள்ளமே முந்திக்கொண்டு அணையை உடைத்தது!

1732-இல் விஜயரங்கர் மகப்பேறின்றி மறைந்தார். அவர் மனைவி மீனாட்சி பொறுப்பேற்றார். சந்தா சாகிபின் வாக்கை நம்பி வஞ்சிக்கப்பட்டார். நாயக்கர் ஆட்சி அவரோடு முடிந்தது. துணிவிருந்தும் தோல்வி நேர்வதுண்டு என்பதும் வரலாற்றுப் பாடமே.

மாணவர்களே, மலைக்கோட்டையருகே மங்கம்மாள் பெயர் தாங்கிய மகால் இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. சென்று காணுங்கள். வீடு திரும்பியதும் உங்கள் பாட்டியின் அருகே அமர்ந்து, அவர் கடந்துவந்த பாதையைக் கேளுங்கள். ஏட்டில் ஏறாத அவ்வரலாற்றைக் கேட்க நானோ காலம் தாழ்த்திவிட்டேன்.