ஏ.ஆர். பதிவேட்டிலிருந்து போக்சோ வரை: ஆரம்ப சுகாதார ஊழியரும் வன்முறையைத் தெரிவிக்கும் கடமையும்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அடிபட்டு வருபவருக்கு ‘ஏ.ஆர். போடுவது’ பழைய நடைமுறை. ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் எனப்படும் இப்பதிவேட்டில் காயத்தின் இடம், அளவு, வந்த நேரம், எப்படிப் பட்டது என்று வந்தவர் சொன்ன விவரம் ஆகியவை பதிவாகி, காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். அடித்தவர் பெயர் வழக்கமாக எழுதப்படுவதில்லை. ‘தெரிந்த நபர் ஒருவர்’ என்றே குறிக்கப்படும். வரப்புத் தகராறில் அடித்த பங்காளியும் குடித்துவிட்டு அடித்த கணவனும் இந்த ஏட்டில் ஒன்றுதான்.

காயத்தைப் பதியும் வழக்கம் இருந்தாலும், வீட்டு வன்முறையைத் தெரிவிக்கும் கடமை சட்டத்தில் இல்லை. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 39இல், பொதுமக்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய குற்றங்களைப் பட்டியலிட்டது. கொலையும் கொள்ளையும் அதில் இருந்தன. பாலியல் வன்புணர்வு இல்லை. 1983இல் கணவன், அவன் வீட்டாரின் கொடுமை இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவின்கீழ்த் தனிக் குற்றமானது. திருமணமாகி ஏழாண்டுக்குள் இறக்கும் பெண்கள் குறித்த விசாரணை விதிகளும் அதே ஆண்டில் வந்தன; வருவாய்க் கோட்டாட்சியர் நடத்தும் ‘ஆர்.டி.ஓ. விசாரணை’ ஊரறிந்த சொல்லானது. ‘ஸ்டவ் வெடித்தது’ என்ற வாக்குமூலத்தைச் சந்தேகிக்க அரசு பழகியது அப்போதுதான், அதுவும் பெண் இறந்த பிறகு.

உயிரோடிருப்பவருக்கு மருத்துவமனை என்ன செய்ய வேண்டும் என்று பேசியது 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம். பாதிக்கப்பட்ட பெண் கேட்டால் மருத்துவமனை சிகிச்சை மறுக்கக் கூடாது. குடும்ப நிகழ்வு அறிக்கை அதுவரை தயாராகவில்லை என்றால், மருத்துவமனைப் பொறுப்பாளரே அதை நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும் என்றன விதிகள். மருத்துவமனை அறிக்கையை அனுப்புவது காவல் நிலையத்துக்கு அல்ல என்பதில் இச்சட்டத்தின் நிதானம் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனமும் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், துணைவரால் தாக்கப்பட்ட பெண்ணைப் பற்றிக் காவல்துறைக்குக் கட்டாயமாகத் தெரிவிக்கும் முறையைப் பரிந்துரைக்கவில்லை.

குழந்தைகள் விஷயம் வேறு. அமெரிக்காவில் மருத்துவர் ஹென்றி கெம்ப் குழுவினர் 1962இல் அடிபட்ட குழந்தைகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்ட சில ஆண்டுகளிலேயே எல்லா மாநிலங்களிலும் கட்டாயத் தகவல் சட்டங்கள் வந்தன. இந்தியாவில் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம் அதைவிடக் கடுமையானது. 18 வயது நிரம்பாதவர் மீதான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை, நிறுவனப் பொறுப்பாளர் என்றால் ஓராண்டு வரை சிறை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2013இல் சேர்க்கப்பட்ட 357சி பிரிவு, வன்புணர்வு, அமிலவீச்சு ஆகியவற்றால் பாதிக்கப்பட்டோருக்கு இலவச சிகிச்சையோடு உடனடிக் காவல் தகவலையும் எல்லா மருத்துவமனைகளுக்கும் கடமையாக்கியது. மறு ஆண்டே மத்திய சுகாதார அமைச்சக வழிகாட்டுதல், காவல் நடவடிக்கை வேண்டாம் என்று பெண் சொன்னால் அம்மறுப்பை எழுதிப் பதியச் சொன்னது. தகவல் கொடு என்கிறது சட்டம். அவள் மறுப்பையும் மதி என்கிறது வழிகாட்டுதல். இரண்டையும் இணைத்துப் பார்க்கும் பொறுப்பு பணியிலிருக்கும் மருத்துவரிடம் விடப்பட்டது.

செய்யாற்றங்கரையில் உள்ள மாகறலையும் உத்திரமேரூர் வட்டாரத்து ஊர்களையும் போன்ற கிராமங்களில் இந்தச் சுமை இன்னும் கீழிறங்கி, கிராம சுகாதார செவிலியரிடம் வந்து நிற்கிறது. சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. கர்ப்பத்தை முதல் 12 வாரத்துக்குள் அரசின் பிக்மி இணையதளத்தில் பதிவுசெய்வது செவிலியரின் முதற்பணி. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அந்தப் பதிவுதான் வழி. வயது 17 என்று தெரிந்த கணத்தில் அதே பதிவு குற்றத்துக்குச் சாட்சியாகிறது. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 15 முதல் 18 வயது வரையிலான மனைவியைப் பொறுத்துக் கணவனுக்கு வன்புணர்வுச் சட்டத்தில் இருந்த விதிவிலக்கை நீக்கியதால், கோயிலில் தாலி கட்டியவன் என்பது தப்பும் வழியன்று. ‘நர்ஸம்மாவிடம் சொன்னால் மாப்பிள்ளை ஜெயிலுக்குப் போவான்’ என்று வீட்டார் அஞ்சும்போது மாதங்களை மறைக்கிறார்கள். இரத்தசோகையும் உயர் இரத்த அழுத்தமும் கண்டறியப்பட வேண்டிய காலம் கழிந்துவிடுகிறது. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவருக்குப் போக்சோவின் 19ஆம் பிரிவு வழக்கிலிருந்து காப்பளிக்கிறது. மறுநாளும் அதே தெருவில் தடுப்பூசிக்குப் பிள்ளைகளை அழைக்க வேண்டிய ஊழியருக்கு அது போதாது.

நீதிமன்றங்கள் இரு திசைகளிலும் பேசியுள்ளன. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் அடையாளத்தை, அவரும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தகவலில் குறிப்பிட வேண்டியதில்லை என்றது. ஐந்து வாரம் கழித்து, மகாராஷ்டிரத்து மருத்துவர் ஒருவர் வழக்கில், தெரிந்தும் தெரிவிக்காமலிருப்பது கடுமையான குற்றம் என்றது. முதல் தீர்ப்பின் சலுகை குறுகியது: கருவைக் கலைப்பவருக்கு உண்டு, பெற்றெடுக்க விரும்புபவருக்கு இல்லை, பதிவுபெற்ற மருத்துவருக்குச் சொன்னது, செவிலியரைக் குறிப்பிடவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவு, பழைய 357சியின் கடமையைப் போக்சோ குற்றங்களுக்கும் விரித்தது. வயதுவந்த பெண் கணவனிடம் அடிவாங்கி வந்தால் 181 உதவி எண்ணையோ சகி மையத்தையோ அவர் விருப்பப்படி காட்டலாம். 17 வயதுக் கர்ப்பிணிக்கு அந்த இடைவழி இன்னும் சட்டத்தில் இல்லை.