மோட்டார் சைக்கிளின் சோக்: ஒரு சிறு கருவியின் வரலாறு

விடியற்காலையில் மோட்டார் சைக்கிளை இயக்கப் புகும் ஒருவர், கிக்கரை உதைப்பதற்கு முன்னர் கைவைக்கும் சிறு பிடி ஒன்று உண்டு. அதற்குச் 'சோக்' என்று பெயர். விரலளவே உள்ள அந்தப் பிடி இறுகிப்போனால், நல்ல எஞ்சினும் வெறும் இரும்பாய் நிற்கும். அல்லது கரும்புகை கக்கிப் பெற்றோலை வீணே குடித்துத் தீர்க்கும். இக்கருவி ஏன் தோன்றிற்று, எவ்வாறு மாறிற்று, இறுகினால் அதனைச் சீர்செய்வது எங்ஙனம் என்பனவற்றை நேயர்களுடன் சேர்ந்து ஆராய்வது இப்பேச்சின் நோக்கமாகும்.

பெற்றோல் திரவமாக இருக்கும்போது எஞ்சினுள் நன்கு எரியாது. அது ஆவியாகிக் காற்றுடன் கலத்தல் வேண்டும். நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று இருப்பின் எரிதல் செம்மையாக நிகழும். எஞ்சின் சூடாக இருக்கும்போது இக்கலவை எளிதில் அமைகிறது. குளிர்ந்திருக்கும்போதோ, பெற்றோலின் பெரும்பகுதி ஆவியாகாமற் குழாய்ச் சுவர்களிலே துளிகளாகப் படிந்துவிடுகிறது. ஆவியாகும் பகுதி மிகச் சிறிதாதலின் தீப்பொறி விழுந்தும் தீ மூள்வதில்லை. எனவே தொடக்கத்தில் மட்டும் வழக்கத்தினும் கூடிய பெற்றோலைக் கொடுத்தாக வேண்டும். சோக் என்னும் கருவி பிறந்தது இத்தேவையினாலேயாம்.

மோட்டார் சைக்கிளின் வரலாறு 1885 ஆம் ஆண்டில், ஜேர்மனி நாட்டின் கன்ஸ்ராற் என்னும் ஊரிலே தொடங்குகிறது. கொற்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் மரச்சட்டம் ஒன்றில் அரைப் பரிவலு கொண்ட எஞ்சினைப் பொருத்தி ஓட்டிக் காட்டினர். அடுத்து 1894 இல், மியூனிக் நகரத்து ஹில்டெபிராண்ட், வொல்ஃப்முல்லர் என்போரின் தொழிற்சாலை, மோட்டார் சைக்கிளைத் தொகையாகச் செய்து விற்கத் தலைப்பட்டது. பெற்றோலின் மேற்பரப்பை உரசிச் செல்லுமாறு காற்றைச் செலுத்தி ஆவியைச் சேர்ப்பதே அக்காலத்து முறை. வெப்பம் சிறிது மாறினாலும் கலவை மாறிவிடும். எளிதில் ஆவியாகும் பகுதி முதலிற் போய்விட, கனத்த பகுதி அடியிலே தங்கிவிடும்.

இக்குறையைத் தீர்த்தது 1893 ஆம் ஆண்டு. ஹங்கேரி நாட்டுப் பொறியியலாளரான டொனாற் பாங்கியும் யானோஷ் சொங்காவும் அவ்வாண்டு பெப்ரவரியிலே, பெற்றோலைத் தெளித்துக் கலக்கும் காபுரேற்றருக்குக் காப்புரிமை பெற்றனர். பூ விற்கும் பெண்ணொருத்தி வாயால் ஊதி நீர் தெளிப்பதைக் கண்டதும் பாங்கிக்கு இவ்வெண்ணம் உதித்தது என்றொரு கதை வழங்குகிறது. சில மாதங்களின் பின்னர் மேபாக்கும் இத்தகைய அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஒடுங்கிய வழியாகக் காற்று விரைந்து செல்லும்போது அவ்விடத்தில் அழுத்தம் குறைகிறது. அக்குறைவு நுண்துளையினூடாகப் பெற்றோலை இழுத்துப் பனித்துளிபோற் சிதறச் செய்கிறது. காபுரேற்றரின் தத்துவம் இதுவே.

ஆயினும் காலால் உதைத்துச் சுழற்றும்போது காற்றின் வேகம் குறைவு. ஆதலால் இழுவையும் குறைவு. இதற்கு இரு வழிகள் கையாளப்பட்டன. ஒன்று, காற்று வரும் வாயிலை மூடி இழுவையைப் பெற்றோலின்மீது திருப்புதல். மூச்சைத் திணறச் செய்தல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே இதனாற் கருவியின் பெயராயிற்று. மற்றையது, பெற்றோலையே மிகுவித்தல். பேர்மிங்ஹாம் நகரிலே மூன்று நிறுவனங்கள் இணைந்து உருவான அமால் நிறுவனத்தின் காபுரேற்றர்கள் பல இரண்டுக்கும் இடமளித்தன. மிதவை அறையின் மேலுள்ள முளையை அழுத்தினாற் பெற்றோல் பொங்கி வழியும். கைப்பிடியிலுள்ள லீவரைத் திருப்பினாற் காற்றுக் குறையும். பி.எஸ்.ஏ., நோர்ட்டன், ரோயல் என்ஃபீல்ட் முதலிய வண்டிகளைச் செலுத்தியோர் தம் விரலில் நாறும் பெற்றோலைக் கொண்டே எஞ்சின் ஆயத்தமாயிற்று என்று அறிந்துகொண்டனர்.

1958 இல் வெளிவந்த ஹொண்டா கப் போன்ற ஜப்பானிய வண்டிகள், மோட்டார் சைக்கிளைச் சாதாரண குடும்பங்களின் வாகனமாக்கின. பிற்காலத்து வண்டிகள் பலவற்றிலே வேறோர் அமைப்பு வந்தது. பிடியை இழுத்தால் சிறு பித்தளைத் தண்டொன்று மேலெழுந்து, பெற்றோல் செல்லும் தனிவழியைத் திறக்கும். காற்று வாயிலை மூடாதபோதும் அதற்குச் சோக் என்ற பழைய பெயரே நிலைத்துவிட்டது.

இத்தண்டு இறுகுவதற்குக் காரணங்கள் உண்டு. வண்டி நெடுநாள் நின்றால் காபுரேற்றரிலுள்ள பெற்றோல் வற்றிப் பிசின்போன்ற கறையை விட்டுச் செல்லும். கேபிளின் உள்ளே துரு ஏறும். தூசி படியும். தண்டு கீழேயே இறுகினால் குளிர்ந்த எஞ்சின் இயங்க மறுக்கும். மேலே இறுகினாலோ தீமை அதிகம்: கரும்புகை எழும், பிளக்கிற் கரி படியும், எரியாத பெற்றோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவித் தேய்மானத்தை மிகுவிக்கும்.

சீர்செய்வோர் முதலில் பலத்தைப் பிரயோகிக்கும் ஆசையை அடக்குதல் வேண்டும். எஞ்சின் ஆறியபின், அருகில் நெருப்பு யாதும் இல்லாத இடத்தில், பெற்றோல் குழாய்த் திருகியை மூடிவிட்டு வேலையைத் தொடங்குக. இறுகியது கேபிளா தண்டா என்று பார்த்தல் முதற்படி. கேபிளைக் கழற்றிவிட்டுப் பிடியை அசைத்துப் பாருங்கள். அப்போதும் அசையாவிடிற் குற்றம் கேபிளில் அல்லது பிடியில் உள்ளது. மென்மையான எண்ணெய் சில துளி விட்டாற் பெரும்பாலும் போதும். துரு மிஞ்சியிருந்தாற் கேபிளை மாற்றுக. தண்டு இறுகியிருப்பின், அதன் நட்டைக் கழற்றி, சுருள்வில் தெறித்து விழாதபடி மெல்ல வெளியே எடுத்து, காபுரேற்றர் கழுவும் திரவத்தில் நனைத்த துணியால் துடைக்கவும். உப்புத்தாளால் உரசலாகாது, உரசினாற் பித்தளை தேய்ந்து பெற்றோல் கசியும். நுனியிலுள்ள இறப்பர் வெடித்திருந்தால் அதனையும் மாற்றவேண்டும். திரும்பப் பொருத்தியபின் பிடியை விட்டதும் தண்டு தானாக முழுவதும் கீழிறங்குகிறதா என்று உறுதிசெய்க.

இத்துடன் காற்று வடிகட்டியைத் தட்டித் துப்புரவாக்கல், பிளக்கின் நிறத்தை நோக்கல், எஞ்சின் எண்ணெயின் அளவைப் பார்த்தல், செயினின் தளர்வைச் சரிசெய்தல், பிறேக்கையும் டயரின் காற்றையும் சோதித்தல் ஆகியவற்றையும் பழக்கமாக்கினால், வண்டி வழியிலே கைவிடுவது அரிது. பிளக்கின் முனை இளங்கபில நிறமாயின் கலவை நன்று; கரிபடிந்து கறுத்திருப்பின் பெற்றோல் மிகை. வண்டியைப் பல வாரம் நிறுத்திவைப்போர் மிதவை அறையிலுள்ள பெற்றோலை வடித்துவிடுதல் நலம்.

இந்த அறிவின் அருமையை நம் நாட்டு மக்கள் நன்கு உணர்ந்த காலங்கள் உண்டு. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பெற்றோல் கிடைத்தல் அரிதாயிற்று. மக்கள் மண்ணெண்ணெயிலே வாகனங்களை ஓட்டினர். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குக் கொடுத்து எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயிலே ஓடவிட்டனர். புகை சூழ்ந்தது, பிளக்கை அடிக்கடி துடைக்க நேர்ந்தது, எஞ்சின்களும் விரைவிற் தேய்ந்தன. எனினும் நோயாளி வைத்தியசாலைக்கும் ஆசிரியர் பாடசாலைக்கும் சென்று சேர்ந்தனர். குளிர்ந்த எஞ்சினுக்கு முதலில் வேண்டுவது எளிதில் ஆவியாகும் எரிபொருள் என்ற உண்மையைக் கைவினைஞர்கள் அறிந்திருந்தமையாலன்றோ இது கைகூடிற்று?

2022 இல் நாடு முழுவதையும் எரிபொருள் நெருக்கடி வாட்டியது. அவ்வாண்டு யூலையில் அறிமுகமான அட்டைமுறையின்படி, மோட்டார் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் வாரம் 4 லீற்றரே கிடைத்தது. நெடுநாள் நின்ற வண்டிகளிற் சோக் இறுகுவதும் இயல்பு. மேலே இறுகிய ஒரு தண்டு, அந்த 4 லீற்றரிலும் ஒரு பங்கைப் புகையாக்கிவிடும். வரிசையிலே பல மணிநேரம் நின்று பெற்ற பெற்றோலைக் காப்பாற்ற, ஒரு துணித்துண்டும் அரைமணி நேரப் பொறுமையும் போதுமாயிருந்தன.

இன்று சோக் மறைந்து வருகிறது. 1980 இல் கவாசாகி நிறுவனம் எரிபொருளை மின்னணு முறையாற் பீச்சும் மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. இந்தியாவில் 2020 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்த புகைக் கட்டுப்பாடு, அந்நாட்டுப் புதிய வண்டிகளிலிருந்து காபுரேற்றரைப் பெரும்பாலும் அகற்றிற்று. உணர்கருவி எஞ்சினின் வெப்பத்தை அளந்து சொல்ல, கணிப்பொறி பெற்றோலின் அளவை முடிவுசெய்கிறது. இதனால் புகை குறைந்தது, எரிபொருள் மிஞ்சிற்று. முன்னர் செலுத்துவோரின் விரலில் இருந்த அறிவு பெட்டியொன்றுக்குள் அடங்கியதும் உண்மையே.

ஆயினும் காபுரேற்றர் பொருத்திய வண்டிகள் நம் வீதிகளிலே இன்னும் எத்தனையோ ஓடுகின்றன. அவற்றை நம்பியே பலர் தொழிலுக்கும் சந்தைக்கும் செல்கின்றனர். பஞ்சம் வரும்போது கைகொடுப்பது பழகிய கையும் பொருளின் இயல்பறிந்த மனமுமே. நேயர்களே, உங்கள் வீட்டு வண்டியின் சோக்கை ஒருமுறை இழுத்து விட்டுப் பாருங்கள். அது தடையின்றி மீளுமாயின் மகிழ்க. மீளாவிடில், அடுத்த ஓய்வுநாளிலே வீட்டிலுள்ள பிள்ளைகளையும் அருகிலிருத்தி அதனைக் கழற்றித் துடையுங்கள். அவர்களும் அறிந்துகொள்ளட்டும்.