பல்கலைக்கழக ஆசிரியர் பயிற்சியின் வரலாறு

முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களைக் கல்லூரி வகுப்பறைக்கு ஆயத்தப்படுத்துவது பல்கலைக்கழக ஆசிரியர் பயிற்சி எனப்படுகிறது. பாடத்தைத் திட்டமிடுதல், கற்பித்தல், மதிப்பிடுதல் ஆகியவற்றோடு, பலவகைப் பின்னணியிலிருந்து வரும் மாணவர்களையும் உள்ளடக்கி வகுப்பை நடத்துவதும் இதில் அடங்கும். இந்தியாவில் பள்ளி ஆசிரியர் பயிற்சியைவிட இது மிகவும் தாமதமாகத் தொடங்கியது.

பின்னணி

சென்னை சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியின் தொடக்கமான பயிற்சிப் பள்ளி 1856-ல் தோன்றியது. அடுத்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பள்ளியில் கற்பிப்பவருக்குப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் அப்போதே வேரூன்றிவிட்டது. கல்லூரியில் கற்பிப்பவருக்கோ பாட அறிவு ஒன்றே போதும் எனக் கருதப்பட்டது. உயர்கல்விக்கு வந்தவர்கள் மிகச் சிலராக இருந்தவரை இக்குறை பெரிதாகத் தெரியவில்லை.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. 1948-ல் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக் குழு அமைக்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் அதன் உறுப்பினர்களில் ஒருவர். 1964-66-ல் செயல்பட்ட கோத்தாரி கல்விக் குழு, புதிதாகப் பணியேற்கும் விரிவுரையாளர்களுக்கு அறிமுகப் பயிற்சி தேவை எனப் பரிந்துரைத்தது.

தமிழ்வழிக் கல்வியும் முதல் தலைமுறை மாணவர்களும்

1960-ல் கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியில் பட்டப்படிப்பில் தமிழைப் பயிற்றுமொழியாக்கும் சோதனை தொடங்கியது. ஆங்கிலத்தில் படித்தவர்கள் தமிழில் கற்பிக்க வேண்டியிருந்தது. கலைச்சொற்களை உருவாக்குவதோடு, அவற்றை மாணவருக்கு விளங்க வைப்பதும் ஆசிரியரின் பொறுப்பாயிற்று.

பின்னர் சிறு நகரங்களிலும் கல்லூரிகள் பெருகின. விருதுநகர் மாவட்டத்தில் ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி 1973-ல் தொடங்கப்பட்டது. 1984-ல் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி தோன்றியது. அய்யனார் கோவில் மலையடிவாரத்தை ஒட்டிய ஊர்கள் போன்ற இடங்களிலிருந்து, பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயக் கூலிகள் ஆகியோரின் பிள்ளைகள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாக வரும் வாய்ப்பை இத்தகைய கல்லூரிகள் ஏற்படுத்தின. பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடநூலைக் கையில் எடுக்கும் மாணவருக்கு வீட்டில் விளக்கம் சொல்ல ஆளில்லை. ஆசிரியர் குறிப்புகளை வாசித்து எழுதச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டால் முதலில் பின்தங்குபவர் அவரே.

பயிற்சி மையங்களும் தகுதித் தேர்வும்

1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து, 1987-ல் பல்கலைக்கழக மானியக் குழு கல்விப் பணியாளர் கல்லூரிகளைத் தொடங்கியது. புதிய ஆசிரியர்களுக்கு நான்கு வார அறிமுகப் பயிற்சியும், பணியிலுள்ளோருக்கு மூன்று வாரப் புத்தாக்கப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை காமராசர், பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் இவை அமைந்தன. எனினும் இது வேலை கிடைத்த பிறகு பெறும் பயிற்சியே.

1989-ல் தேசியத் தகுதித் தேர்வு அறிமுகமானது. அதன் முதல் தாள் கற்பித்தல் திறனைப் பற்றிக் கேட்கிறது. ஆயினும் அது எழுத்துத் தேர்வு மட்டுமே. தேர்வர் வகுப்பெடுப்பதை யாரும் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் 1993-ல், முனைவர் பட்ட மாணவர்களைப் படிக்கும்போதே கற்பித்தல் பணிக்குத் தயார்செய்யும் 'வருங்கால ஆசிரியர்களை ஆயத்தப்படுத்தல்' என்ற திட்டம் தொடங்கியது. இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இதே கருத்தை முன்வைத்தது.

2022-ஆம் ஆண்டின் விதிகள்

2022 நவம்பரில் வெளியான முனைவர் பட்ட விதிகள், எத்துறை ஆய்வாளரும் தம் பாடம் சார்ந்த கற்பித்தல் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. வாரம் 4 முதல் 6 மணி நேரம் வரை பயிற்சி வகுப்பு, ஆய்வகம், மதிப்பீடு ஆகிய பணிகளை அவர்களுக்கு அளிக்கவும் வழிசெய்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றி 165 ஆண்டுகள் கழித்து இந்த விதி வந்தது.

ஆனால் 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயமில்லை. முதுகலைப் பட்டத்துடன் தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் தேறியவரும் நேரடியாகப் பணியில் சேரலாம். அவ்வாறு சேருபவரை முனைவர் பட்ட விதியிலுள்ள பயிற்சி எட்டுவதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) உயர்கல்வியில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்கியுள்ளது. பார்வையற்ற மாணவருக்குக் கரும்பலகைப் பாடத்தை எப்படிச் சொல்வது, கேட்கும் திறன் குறைந்தவருக்கு எப்படி விளக்குவது என்பன போன்றவற்றைப் பணியேற்கும் முன் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, இவ்வழியில் வரும் ஆசிரியருக்கு இன்னும் உறுதிசெய்யப்படவில்லை.