கர்ணன் சாவதற்கு முன் செத்துப்போன ரெக்கார்டர்

தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூரில், 2018இல், என் தாத்தாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின இரவு கர்ண மோட்சம் கூத்து வைத்தோம். தொண்டை மண்டலத்தில் இது பழைய வழக்கம். விடியும் நேரத்தில் கர்ணன் சாவான். குந்தி அவனை மடியில் போட்டு அழுவாள். வீட்டுப் பெண்களும் கூடவே அழுது தீர்ப்பார்கள்.

தாத்தா கூத்துப் பைத்தியம். தொண்ணூறுகளில் படப்பை, மணிமங்கலம் பக்கம் எங்கே கூத்து நடந்தாலும் சைக்கிளில் டேப் ரெக்கார்டரைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். ஒரு டிரங்குப் பெட்டி நிறைய கேசட் சேர்ந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியபோது அந்தப் பெட்டியும் மூழ்கியது. சேறு வழியும் கேசட்டுகளைத் திண்ணையில் காயவைத்துப் பார்த்தார். பிறகு, "சத்தந்தானே, போவட்டும்" என்று குப்பை வண்டியில் போட்டுவிட்டார். அதன்பின் அதைப் பற்றி அவர் பேசவேயில்லை.

அதனால்தான் அன்றிரவு நான்கு தடங்களைத் தனித்தனியே பதியும் கையடக்க ரெக்கார்டரோடு உட்கார்ந்தேன். அன்று நடந்ததைச் சொல்வதற்கு முன், கூத்தும் ஒலிப்பதிவுக் கருவியும் நூறு வருடமாக ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத கதையைச் சொல்லியாக வேண்டும்.

கூத்து இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்போது முடியும். கருவியின் கணக்கு வேறு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1905 வாக்கில் இந்தப் பகுதியின் பாட்டுகளையும் பேச்சையும் மெழுகு உருளைகளில் பதிந்தார். ஓர் உருளையில் ஏறுவது சுமார் 2 நிமிடம். பின்னால் வந்த கிராமபோன் தட்டில் பக்கத்துக்கு 3 நிமிடம் சொச்சம். கம்பெனிகள் நாடகங்களைப் பல தட்டுகளாக நறுக்கி 'செட்' என்று விற்றன. தட்டு முடிவதற்குள் பாட்டு முடிந்தாக வேண்டும் என்பதால் பாடுகிறவர்கள் தங்கள் பாட்டைச் சுருக்கிக்கொண்டார்கள்.

நெதர்லாந்துக்காரரான ஆர்னால்டு பாகே 1938-39இல் தென்னிந்தியாவில் சுற்றியபோது, மெழுகு உருளையைவிட நீண்ட நேரம் ஓடக்கூடிய, படச்சுருளில் ஒலியைக் கீறும் டெஃபி என்ற கருவியைக் கொண்டுவந்தார். 1984இல் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளின் பிரதிகளோடு தமிழ்நாடு, கேரளா, கர்நாடகாவில் பாகே போன ஊர்களுக்கே திரும்பப் போனார்கள். பதிவு செய்தவர் கொண்டுபோனதை யாரோ ஒருவர் திருப்பிக் கொண்டுவந்து காட்டியது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. இந்தக் கட்டுரையின் முடிவில் அதற்கு வருகிறேன்.

1951இல் ஸ்டெஃபான் குடெல்ஸ்கி சுவிட்சர்லாந்தில் நாக்ரா என்ற கையடக்க டேப் ரெக்கார்டரைச் செய்தார். முதல் நாக்ராவின் மோட்டார் சாவி கொடுத்து ஓடுவது. டேப் வந்ததால் நேரம் கூடியது, ஆனால் போதவில்லை. 7 அங்குலச் சுருள், நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில், அரை மணி நேரம்தான் வரும். 1963இல் பிலிப்ஸின் கேசட் வந்தது. தாத்தா வாங்கிய தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம். ராத்திரி முழுக்க அவர் கண் மேடையிலும் கை பட்டனிலும் இருக்கும். "கட்டியக்காரன் சிரிக்க வெக்கிறப்போதான்டா டேப்பு முடியும்" என்பார்.

சரி, நேரம் கிடைத்தால் போதுமா? போதாது. கூத்தில் முகவீணை என்ற சின்னக் குழல் வாத்தியம் உண்டு. உச்சத்தில் அது பிடிக்கும் சுரம் ஒற்றை மைக்கில் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். வேஷக்காரர் சொல்லும் வரி, பின்பாட்டு, ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் அதற்கு அடியில் கிடக்கும். கலந்துவிட்ட ஒலியைப் பிரிப்பது பாலில் கலந்த தண்ணீரைப் பிரிப்பது மாதிரி. பதியும்போதே தனித்தனித் தடங்களில் போட்டால்தான் உண்டு. ஸ்டூடியோக்களில் அந்த வசதி வந்து பல வருடம் கழித்து, 1979இல், டாஸ்காம் கம்பெனி கேசட்டிலேயே நான்கு தடம் பதியும் போர்ட்டாஸ்டூடியோவை விற்பனைக்கு விட்டது. கேசட்டின் இரண்டு பக்கத்தையும் ஒரே திசையில், இரட்டை வேகத்தில் ஓட்டும் தந்திரம். தாத்தாவின் கேசட்டை அதில் போட்டால் 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆக, நீண்ட நேரம், பல தடம், தோளில் தூக்கிப் போகும் எடை, இந்த மூன்றும் ஒரே பெட்டியில் அன்று கிடைக்கவில்லை.

மெமரி கார்டு வந்துதான் மூன்றும் சேர்ந்தன. கணக்கு எளிது. நொடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 3 பைட். ஒரு தடத்துக்கு நொடிக்கு 1,44,000 பைட். நான்கு தடம், எட்டு மணி நேரம் என்றால் சுமார் 16.6 ஜிபி. நகத்தளவு கார்டு போதும்.

ஆனால் அதிலும் ஒரு பழைய சுவர் நிற்கிறது. நாம் பதியும் வேவ் கோப்பின் வடிவம் மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் 1991இல் வகுத்தது. கோப்பின் நீளத்தைக் குறிக்க 32 பிட்தான் ஒதுக்கினார்கள். அதற்கு மேல் எல்லை 4 ஜிபி. பல கருவிகள் அதுவரைகூடப் போகாமல் 2 ஜிபியிலேயே கோப்பை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கும். ஒரு தடம் 2 ஜிபியை எட்ட 4 மணி 8 நிமிடம் ஆகும். பத்து மணிக்குத் தொடங்கிய என் பதிவு, பின்னிரவு 2:08க்கு நான்கு புதுக் கோப்புகளுக்கு மாறியது. அதுவரை எல்லாம் சரி.

நான் தூங்கிவிட்டேன். ஐந்து மணிக்கு மேல் எப்போதோ பென்சில் செல் தீர்ந்து ரெக்கார்டர் அணைந்துவிட்டது. எழுப்பியது பெண்களின் அழுகை. கர்ணன் செத்திருந்தான்.

வீட்டில் கார்டைப் போட்டுப் பார்த்தால் முதல் நான்கு கோப்புகள் முழுசாக இருந்தன. அடுத்த நான்கின் நீளம் பூஜ்யம். கோப்பை மூடும்போதுதான் கருவி அதன் நீளத்தைத் தலைப்பில் எழுதும். மூடுவதற்குள் மின்சாரம் போய்விட்டது. ஆனால் ஒலி கார்டிலேயேதான் கிடந்தது. 32 கேபி துண்டுகளாக, நான்கு தடமும் சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றுக்குள் ஒன்று செருகி. ஒரு துண்டு கால் நொடிக்கும் குறைவு. மொத்தம் 1,90,000 சொச்சம் துண்டுகள். 32 கேபி மூன்றால் வகுபடாது. அதனால் பல துண்டுகள் ஒரு மாதிரியின் நடுவிலேயே அறுந்திருந்தன. அதுவே உதவியும் ஆயிற்று. தவறான துண்டை ஒட்டினால் வெறும் இரைச்சல், சரியானதை ஒட்டினால் அலை வழுக்கிக்கொண்டு போகும். அதைச் சோதிக்க ஒரு நிரல் எழுதினேன். மூன்று வார இரவுகளில் மூன்று மணி நேரம் திரும்பக் கிடைத்தது. கர்ணனும் பொன்னுருவியும் தர்க்கம் செய்யும் இடம் அதில் இருந்தது. குந்தி அழுகை இல்லை. அது கார்டில் ஏறவேயில்லை.

அம்மாவிடம் தயங்கிச் சொன்னேன். "அது போனா போவுது. அத நான் ஒரு தடவ அழுதாச்சி" என்றாள்.

கூத்து வாத்தியாருக்குப் பதிவைக் கொடுக்கப் போனேன். எல்லாத் தடத்தையும் அழகாகக் கலந்து பென் டிரைவில் வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் கேட்டார். "நல்லாத்தான் கீது தம்பி. முகவீணய மட்டும் தனியா குடுக்க முடியுமா? பெரியவருக்கு எழுவது ஆவுது. கத்துக்க ஆளில்ல. என் பேரன் போன்ல பாத்து ஊதிப் பழகுறேன்றான்" என்றார்.

மூன்று வாரம் கண் விழித்தபோது தாத்தாவுக்காகச் செய்வதாகத்தான் நினைத்திருந்தேன். முகவீணைத் தடம் மட்டும், பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை, ஏழு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நடுவில் 2:08இல் இருந்த வெட்டை ஒட்டி, ஒரே கோப்பாக அந்தப் பையனின் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.