தலதா வீதியும் மலையகப் பயணியும்

மஹியங்கனையிலிருந்து மலையேறி, ஹுன்னஸ்கிரியவைக் கடந்து கண்டி மாநகரை அடையும் நெடுஞ்சாலைக்குத் தடம் மாறுதல் புதிதன்று. விக்டோரியா நீர்த்தேக்கம் எழுந்த 1980களில் பழைய தெல்தெனிய நகரம் தன் தெருக்களோடு நீருள் மறைந்தது. அணைக்காகச் சாலை வழிவிட்டதை அன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டனர். கண்டி வாவிக்கரையில் நேர்ந்த மாற்றமோ இன்றளவும் வாதத்திற்குரியது.

தலதா மாளிகையின் முன்றிலையொட்டிச் செல்லும் வீதியில் ஒரு காலத்தில் பஸ்களும் லொறிகளும் இடையறாது ஓடின. 1998 ஜனவரி 25ஆம் நாள், சுதந்திரப் பொன்விழாவுக்குப் பத்து நாட்களே இருக்கையில், விடுதலைப் புலிகளின் வெடிமருந்து லொறி மாளிகை வாயிலில் வெடித்தது. உயிர்கள் பல மாண்டன. விழா கொழும்புக்கு மாற்றப்பட்டது. வீதி வாகனங்களுக்கு அடைக்கப்பட்டது. 2009இல் போர் ஓய்ந்த பின்னும் அத்தடை நீங்கவில்லை.

திறக்க வேண்டும் என்போர் கூற்றை எளிதிற் புறக்கணித்தலாகாது. கண்டி, குன்றுகளுக்கிடையே அமைந்த கிண்ணம் போன்றது. கிழக்கிலிருந்து தென்னகும்புறைப் பாலம் தாண்டி வரும் வண்டிகளெல்லாம் வாவியின் தென்கரையில் நெருக்குண்கின்றன. பேராதனை மருத்துவமனையை நாடி வரும் ஹுன்னஸ்கிரியத் தோட்டத் தொழிலாளிக்கு அந்நெரிசல் வெறும் அசௌகரியமன்று, அரைநாட் சம்பளம்.

எனினும் அவ்வீதியின் பழைமையையும் எண்ணுதல் வேண்டும். நாயக்கர் மரபின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயலின் குறுக்கே அணைகட்டி வாவி சமைத்தபோது, அவ்வணையின் மேல் ஒரு பாதையும் அமைந்தது; மன்னன் மல்வத்தை விகாரைக்குச் செல்லும் வழி அது. பெரஹராவில் யானைகளும் மேளக்காரரும் நடப்பதும் இச்சூழலிலேதான். நடப்பாருக்கென்று பிறந்த இடம். மோட்டார் வண்டி பிற்காலத்து விருந்தாளி. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றதும் இப்புனித நகரையே.

தென்கொரியத் தலைநகர் சியோலில், சொங்கெச்சொன் ஓடையை மூடி நின்ற முதுமையுற்ற மேம்பாலச் சாலையை 2003இல் இடிக்கத் தொடங்கினர்; 2005இல் ஓடை மீண்டும் வெளிப்பட்டது. போற்றுவோர் பலரும் மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு: இடைப்பட்ட 2004இல் நகரின் பஸ் சேவை முழுவதையும் அவர்கள் திருத்தியமைத்தனர். கண்டியிலோ வழியை அடைத்தது வெடிகுண்டு. மாற்றுவழியை முன்கூட்டி எண்ண எவருக்கும் அவகாசமில்லை. தென்னகும்புறையிலிருந்து சுதுஹும்பொலைக்குச் சுரங்கப்பாதை குடையும் யோசனை பின்னரே எழுந்தது.

வீதி நடப்பாருக்கே இருக்கட்டும் என்பது என் துணிபு. ஆனால் அதற்குரிய விலையை இதுகாறும் கொடுத்து வருபவர் வாவிக்கரையில் உலவுவோரல்லர். தென்கரை நெரிசலில் பஸ்ஸினுள் நின்று வரும் மலைநாட்டு மக்கள்.