மெழுகுத் துளி

பாபநாசத்திலிருந்து மலையேறி முண்டந்துறைப் பக்கம் போனால், விடிகிற நேரத்தில் காட்டுக்கோழிச் சேவல் கூவுவது கேட்கும். வீட்டுச் சேவல் மாதிரி இழுத்துக் கூவாது. துண்டு துண்டாக வெட்டிக் கூவும். இந்தச் சாம்பல் காட்டுக்கோழியின் படம் 1782-லேயே பாரிஸில் ஒரு புத்தகத்தில் ஏறிவிட்டது என்று அறிந்த நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

புத்தகத்தை எழுதியவர் பியர் சொன்னெரா. 1774 முதல் 1781 வரை இந்தியாவும் சீனமும் சுற்றிய பிரெஞ்சுக்காரர். அன்றைக்குப் பறவைகள் பெரும்பாலும் தோலாகத்தான் கப்பலேறின. வயிற்றைக் கீறிச் சதையை எடுத்துவிட்டு, பஞ்சோ வைக்கோலோ திணித்துத் தைப்பார்கள். வழியிலேயே பூச்சி அரித்துப் போனவை ஏராளம். தப்பி வந்ததிலும் கொண்டையின் சிவப்பு கறுத்துச் சுருங்கிவிடும், கண் இருக்காது, கால் நிறம் மங்கிவிடும். அதையெல்லாம் ஓவியன் நினைவிலிருந்தோ ஊகத்திலிருந்தோதான் நிரப்ப வேண்டும்.

ஆனால் இந்தச் சேவலின் கழுத்து மட்டும் தோலிலும் சாகாது. ஒவ்வோர் இறகின் நடுத்தண்டும் நுனியில் தட்டையாகி, உருகிய மெழுகைச் சொட்டவிட்டதுபோல் மஞ்சளாய் இறுகியிருக்கும். தொட்டால் நகம்போல வழவழக்கும். இந்த அழகே அதற்கு வினையானது. பின்னாளில் சால்மன் மீனுக்குப் போடும் இறகுத் தூண்டிலுக்காக, கழுத்துத் தோல்கள் கட்டுக்கட்டாகப் பிரிட்டனுக்குப் போயின. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

தோல் தன் ஊரைச் சொல்லாது என்பதற்கும் சொன்னெராவே சாட்சி. 1776-ல் வந்த நியூகினி பயண நூலில் பென்குவின்களை வரைந்து, அந்தத் தீவுப் பறவைகள் என்றார். நியூகினியில் பென்குவினே கிடையாது. அவர் அங்கே கால் வைத்ததும் இல்லை. ஆனாலும் ஜென்டூ பென்குவினின் அறிவியல் பெயரில், அந்தத் தீவைக் குறிக்கும் ‘பப்புவா’ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

காட்டுக்கோழி விஷயத்தில் அவரை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. வீட்டுக்கோழியின் மூதாதை இதுதான் என்றார் அவர். டார்வின் அதை ஏற்கவில்லை, செங்காட்டுக்கோழியைக் காட்டினார். டார்வின் பக்கமே அறிவியலும் நின்றது. ஆனால் 2008-ல் வந்த மரபணு ஆய்வு, வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று காட்டியது. திருநெல்வேலிச் சந்தையில் காலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் மஞ்சள்கால் கோழியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய படம்தான் ஞாபகம் வரும்.

1813-ல் விலங்கியலாளர் டெமிங்க் இந்தப் பறவைக்கு ‘சொன்னெராட்டி’ என்று பெயர் வைத்தார். மறு ஆண்டே சொன்னெரா இறந்தார்.

படத்தில் வராத ஒன்றும் உண்டு. குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் சேவல் அந்தக் கழுத்து இறகுகளை உதிர்த்துவிடும். ஆடி மாதச் சாரலில் களக்காட்டுப் பக்கம் பாதையைக் கடக்கிற சேவலுக்கு மெழுகுத் துளிகள் இருக்காது. கழுத்து கறுத்து, பெட்டைபோல் ஒடுங்கிப் புதருக்குள் நுழைந்துவிடும்.